தகட்டுக்கு அந்தப் பக்கம்

நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்று இல்லை. ஆனால் நடந்தது. என் அறையில், என் மேசையில், இந்த வலது கையை வைத்துக்கொண்டு நடந்தது. பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை என்று எதிர்பார்த்துப் படிக்காதீர்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கீழ்வீட்டில் யாரோ துணி அலசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு எழுத்து கைவந்ததே நாற்பதைத் தாண்டித்தான். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் என் மச்சானும் தொட்டி கழுவுகிறவர்கள். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எண்ணெய்த் தொட்டி, மருந்துத் தொட்டி, லாரியில் வரும் தொட்டி, எது காலியானாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஒருத்தன் உள்ளே இறங்கிச் சுரண்டவேண்டும். ஒருத்தன் மேலே, மூடியைத் திறந்த வாயில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். உள்ளே மச்சான். வெளியே நான். வருஷக்கணக்காக அப்படித்தான்.

உள்ளே இருந்து கத்தினால் வெளியே கேட்காது. தொட்டிக்குள் குரல் உருண்டு உருண்டு கூழாகிவிடும். அதனால் தட்டுவோம். மச்சான் சுரண்டியின் மரக்கைப்பிடியால் தகட்டில் தட்டுவான். ஒரு தட்டு என்றால், நல்லா இருக்கேன். இரண்டு என்றால், கயிற்றை இழு. மூன்று என்றால், மூச்சு முட்டுது.

மூன்று தட்டு வந்தால் வெளியே இருப்பவன் உடனே பதில் தட்டவேண்டும். அதுவும் தொட்டியின் வாய் விளிம்பில்தான் தட்டவேண்டும். வேறு எங்கேயும் தட்டக்கூடாது. ஏனென்றால் உள்ளே விளக்கு அணைந்துவிட்டால் எது மேற்கு, எது கிழக்கு என்று ஒன்றும் விளங்காது. உள்ளே இருப்பவன் பதில் சத்தம் வரும் பக்கமாகத் தவழ்ந்து வருவான். சத்தம் இருக்கும் இடத்தில் வழி இருக்கும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஒரு மனுஷன் இருட்டுக்குள் இறங்குகிறான்.

என் கையில் ஒரு செப்பு மோதிரம் உண்டு. மனைவி போட்டுவிட்டது. உடம்பு இளைத்ததில் அது தொளதொளவென்று ஆகிவிட்டது. நான் விரல் முட்டியால் தட்டினால் முதலில் முட்டிச் சத்தம் கேட்கும், பின்னாலேயே மோதிரம் தனியாக ஒருமுறை விழும்.

டக்... டிக்.

"மாப்ள, எல்லாரும் தட்டினா சத்தம் வரும். நீ தட்டினா சத்தத்துக்கு வாலும் சேந்து வருது" என்பான் மச்சான்.

"வால் வேணாம்னா மேலயே உக்காந்துக்க. நான் உள்ள இறங்கறேன்."

"வேணாம் வேணாம். அந்த வாலைப் பிடிச்சுத்தான் நான் வெளிய வர்றேன்."

எங்களுக்கு ஒரே அறை. ஒரு ஜன்னல், இரண்டு கட்டில், பட்டறையில் கழித்துப்போட்ட ஓர் இரும்பு மேசை. முன்னால் குடியிருந்தவர் ராத்திரி வேலைக்காரராம். பகலில் தூங்குவதற்காக ஜன்னல் கண்ணாடி பூராவும் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். கிழிக்கவேண்டும் கிழிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். கிழிக்கவில்லை.

மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். மேஸ்திரியின் ஆபீஸில் தூக்கிப்போட இருந்ததை மச்சான் கேட்டு வாங்கிவந்தான். அதில் யாரோ விட்டுவைத்திருந்த ஒரு விளையாட்டு. நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு. நாம் தண்ணீருக்கு அடியில் இருக்கவேண்டும். மேலே சரக்குக் கப்பல் போகும். பெரிஸ்கோப் என்ற குழாயை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பார்த்து, கப்பலின் தூரம், வேகம், போகும் திசை எல்லாம் கணக்குப் பண்ணி, டார்பிடோ விடவேண்டும். தண்ணீருக்குள் ஓடிப்போய் மோதும் குண்டு அது.

நான் குழாயில் பார்ப்பேன். மச்சான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கப்பல் விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டுத் திசை சொல்வான். வேலையில் நான் கேட்கிறவன். விளையாட்டில் அவன் கேட்கிறவன்.

ஆரம்பத்தில் நான் விட்டதெல்லாம் கப்பலுக்குப் பின்னாலேயே போனது.

"கப்பல் இருக்கற இடத்துல ஏன் அடிக்கற? அது உனக்காக அங்கயே நிக்குமா?"

"பின்ன எங்க அடிக்கறது?"

"வரப்போற இடத்துல அடி. இப்ப அங்க வெறும் தண்ணிதான் இருக்கும். அந்த வெறும் தண்ணிய நம்பணும்."

மெல்லப் பழகிவிட்டது. எல்லாக் கப்பலையும் அடித்தோம், ஒன்றைத் தவிர. அது தனியாகப் போகும் ஒரு சரக்குக் கப்பல். நேராகப் போகவே போகாது. இடதில் ஒடியும், வலதில் ஒடியும், எப்போது ஒடியும் என்று பிடி கிடைக்காது. டார்பிடோ போகும் வழியில் வெள்ளையாக நுரை கிளம்பும். அதைப் பார்த்ததும் மூக்கை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு குண்டுகளுக்கு நடுவில் பூனை மாதிரி நழுவிவிடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் விலாங்கு.

"குழாயைத் தூக்கிட்டு ஊர்வலம் போற. அவன் பாக்காம என்ன பண்ணுவான்?" என்று மச்சான் என்னைத் திட்டுவான்.

அப்புறம் ஒரு கப்பல் கம்பெனியில் தொட்டி வேலைக்கு இரண்டு பேரைக் கேட்டார்கள். ஓடும் கப்பலிலேயே தங்கி, அதன் அடிவயிற்றுத் தொட்டிகளைச் சுரண்டவேண்டும். கப்பல் ஆடாமல் இருக்கக் கடல்தண்ணீரை ஏற்றி இறக்கும் தொட்டிகள் அவை. அந்தச் சமயம் என் நெஞ்சுச்சளியைப் பார்த்த டாக்டர் கடல்காற்றே ஆகாது என்று சொல்லிவிட்டார். மச்சான் மட்டும் போனான்.

"நீ வரலன்னா எனக்கு வெளிய எவன் உக்காருவான்?"

"அங்க ஆள் போடுவாங்க, மச்சான்."

"போடுவாங்க." பையைத் தோளில் மாட்டினான். "வாலில்லாத ஆளாப் போடுவாங்க." பிறகு கம்ப்யூட்டரைக் காட்டிச் சிரித்தான். "நான் வர்றதுக்குள்ள அந்த விலாங்கை அடிச்சு வை."

போய்விட்டான். அறை இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. நான் ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்பேன். டீ போடும்போது கை பழக்கத்தில் இரண்டு தம்ளர் எடுக்கும். ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைப்பேன்.

மனைவி மகளோடு வேறு ஊரில் இருக்கிறாள். தினமும் போனில் ஒரே கேள்விதான்.

"ஏங்க, அண்ணன் பேசுச்சா?"

"நடுக்கடல்ல சிக்னல் இருக்காது. கரைக்கு வந்ததும் பேசும்."

"நீங்களும் கூடப் போயிருக்கலாம்."

மகளிடம் போனைக் கொடு என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டடமே காலி. எல்லாரும் வெளியே போயிருந்தார்கள், கீழ்வீட்டுத் துணிச்சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு விலாங்கை எடுத்தேன். இன்றைக்கு அடித்துவிடவேண்டும். மச்சான் போன் பண்ணும்போது முதல் வார்த்தையாக அதைச் சொல்லவேண்டும். எனக்கு அப்போது வேறு ஆசையே இல்லை.

முதல் டார்பிடோ விட்டேன். நழுவியது. இரண்டாவதை அது வரப்போகும் இடத்துக்கு விட்டேன். நழுவியது. மூன்றாவதுக்குக் குழாயைத் தூக்கி, கணக்கெல்லாம் முடித்து, பொத்தானில் விரல் வைத்தேன். அழுத்தவில்லை. வைத்ததுதான். கப்பல் ஒடிந்து திரும்பியது.

விட்டால்தானே நுரை வரும்? விடாததைப் பார்த்து எப்படித் திரும்பும்?

தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். குழாயைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற கப்பல்களில் மேல்தளத்தில் சின்னச் சின்ன மனுஷ உருவங்கள் நிற்கும், பீரங்கிக்குப் பக்கத்தில் இரண்டு பேராவது நிற்பார்கள். இதில் ஒருத்தரும் இல்லை. தளத்தின் நடுவில் வட்டமாக ஒரு துவாரம் திறந்திருந்தது. பக்கத்தில் அதன் மூடி சாய்ந்து கிடந்தது.

எத்தனையோ தடவை பார்த்த கப்பல். அந்தத் துவாரத்தை நான் பார்த்ததே இல்லை.

துவாரத்தின் வாயில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. விளையாட்டுதான். இருந்தாலும் என் தொழில்புத்திக்கு அது பொறுக்கவில்லை. வாயில் ஆள் இல்லாமல் மூடி திறந்து கிடக்கக்கூடாது. அப்படித் திறந்து கிடந்தால், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் எவனாவது மூடிவிடுவான்.

மூன்றாவதையும் விட்டுப் பார்த்தேன், அதுவும் வீணாய்ப் போயிற்று. கைவசம் கடைசி ஒன்று.

குழாயைப் பார்த்துத்தானே திரும்புகிறது? குழாயே வேண்டாம். இறக்கிவிட்டேன். மச்சான் மாதிரி சத்தத்தை மட்டும் வைத்து அடிப்போம் என்று அவன் ஹெட்போனை எடுத்து மாட்டினேன். அதன் பஞ்சில் இன்னும் அவன் தலை எண்ணெய் வாசம் இருந்தது.

கடல் சத்தம். கீழே போகப் போக அது கனமாகும். அதற்குள் விசிறிச் சத்தம். ஷ்ஷக்... ஷ்ஷக்... ஷ்ஷக்... கப்பல் கிட்டே வந்துகொண்டிருந்தது. இப்போது திரும்பவில்லை. நேராக என்னை நோக்கி வந்தது.

கடைசியாகத் தூரம் சரிபார்க்க, ஒரே ஒரு நொடி குழாயைத் தூக்கினேன்.

துவாரத்தின் மூடி மூடிக்கிடந்தது.

குழாயை இறக்கினேன். விரல் பொத்தான்மேல். அப்போது...

டொக். டொக். டொக்.

கீழ்வீடு என்று நினைத்தேன். ஹெட்போனைக் கழற்றினேன். ஒரு சத்தமும் இல்லை. துணி அலசும் சத்தம்கூட நின்றிருந்தது. மறுபடி மாட்டினேன்.

டொக். டொக். டொக்.

தகட்டில் மரம் படும் சத்தம். எனக்குத் தெரியாதா அது? என் பாதி வாழ்க்கை அதைக் கேட்டுத்தான் போனது.

மூன்று தட்டு.

விளையாட்டில் ஏதோ சத்தம் சேர்த்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளையாட்டை நிறுத்தி வைக்கும் பொத்தானை அழுத்தினேன். திரை அப்படியே உறைந்தது. விசிறி நின்றது. கடல் நின்றது.

தட்டு நிற்கவில்லை.

டொக். டொக். டொக்...

இடைவெளி கூடிக்கொண்டே போனது. தட்டுகிறவனுக்குக் கை ஓய்ந்து வரும்போது அப்படித்தான் ஆகும்.

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. மூன்று தட்டு வந்தால் பதில் தட்டவேண்டும். என் கை தானாக எழுந்தது. இரும்பு மேசையில் தட்டினேன்.

டக்... டிக்.

அமைதி.

மறுபடி தட்டினேன். டக்... டிக்.

உடனே பதில் வந்தது. வேகமாக. டொக் டொக் டொக். இந்தத் தடவை இடது காதில், கொஞ்சம் பக்கத்தில்.

பயம் ஒரு பக்கம். ஆனால் அதைவிடப் பெரிதாக வேறு ஒன்று நெஞ்சில் ஏறியது. அத்தனை நாளும் அந்த அறையில் என்னைத் தேடி ஒரு சத்தமும் வந்ததில்லை. நான் தட்டினேன். அது வந்தது. தட்டினேன். இன்னும் கிட்டே வந்தது. நடுவில் ஏதோ உரசும் சத்தம். முழங்கால் தகட்டில் இழுபடும் சத்தம்.

வா. வா. இந்தப் பக்கம்தான். வா.

வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

இப்போது இரண்டு காதிலும் கேட்டது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு தகடுதான் இருக்கும்.

டொக். டொக்.

இரண்டு. கயிற்றை இழு.

என் கை மேசைக்கு அடியில் கயிற்றைத் தேடியது...

கயிறு இல்லை.

"மச்சான்."

மூச்சுச் சத்தம். சின்னதாக. என்னுடையது இல்லை.

அப்புறம் ஒரே ஒரு தட்டு. மெதுவாக. தூக்கத்தில் புரளும்போது சுவரில் கை படுமே, அந்த மாதிரி.

டொக்.

நல்லா இருக்கேன்.

அவ்வளவுதான். நான் தட்டினேன். விரல் முட்டி தோலுரியும்வரை தட்டினேன். ஒன்றும் வரவில்லை.

விளையாட்டைத் திரும்ப ஓடவிட்டேன். விசிறி சுற்றியது. குழாயைத் தூக்கினேன். விலாங்கு இப்போது திரும்பி, என் முன்னால் பக்கவாட்டில், வளையாமல் நெளியாமல் நேர்க்கோடாகப் போய்க்கொண்டிருந்தது. குருடன்கூட அடித்துவிடுவான். கடைசி டார்பிடோ என் கையில் இருந்தது.

விடவில்லை. அது போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சுவரில் இருந்த வயரைப் பிடுங்கினேன். ஜன்னல் காகிதத்தைக் கிழித்தேன். வெயில் உள்ளே விழுந்தது. கீழ்வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் மனைவி போன் பண்ணினாள். கேள்வி கேட்கவில்லை. அழுகைதான் வந்தது. கப்பலில் இருந்து தகவல் சொல்லியிருந்தார்கள். தொட்டிக்குள் காற்று இல்லாமல் போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு தாடிக்காரர் என் அறைக்கு வந்தார். மச்சானின் பையைக் கொண்டுவந்திருந்தார். அன்றைக்குத் தொட்டிக்குள் மச்சானோடு இறங்கியவர், உயிரோடு வந்தவர். இரும்பு மேசைக்கு எதிரில் மச்சானின் கட்டிலில் உட்காரவைத்தேன். டீ போட்டேன். இரண்டு தம்ளர்.

"வெளிய இருந்த ஆள் எங்க போனான்?" என்று கேட்டேன்.

"மேல எதுக்கோ கூப்பிட்டாங்களாம். போயிட்டான். வேற ஒருத்தன் வந்து, ஆள் இல்லன்னு நினைச்சு மூடிட்டான். விளக்கு வயரும் அறுந்துபோச்சு." தாடியைத் தடவினார். "உள்ள துரு ஜாஸ்திங்க. துரு காத்தைத் தின்னுடும். உங்களுக்குத் தெரியாததா."

"தட்டலையா?"

"தட்டினோம். உங்க மச்சான்தான் தட்டினாரு. ரொம்ப நேரம் தட்டினாரு." பையின் வாரை விரலில் சுற்றினார். "பதில் வந்துச்சு."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"எனக்கும் கேட்டுச்சுங்க. சிரிச்சாரு அவரு. அந்த இருட்டுல சிரிக்கிறாரு. 'மாப்ள வந்துட்டான், வாலு கேக்குதா பாரு'ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. சத்தம் வந்த பக்கம் தகட்டைத் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருக்கு, வேர்த்து ஒழுகுது. அது கப்பலோட வெளித்தகடு. 'அண்ணே, அந்தப் பக்கம் வேணாம், அந்தப் பக்கம் வழி இல்ல'ன்னு காலைப் பிடிச்சு இழுத்தேன். உதறிட்டுப் போனாரு. கீழ, கடைசிக் குழி வரைக்கும் தவழ்ந்து போயிட்டாரு. நான் வேற பக்கமாத் தடவித் தடவி ஏணிகிட்ட வந்தேன். மூடி இடுக்குல கொஞ்சம் காத்து வந்துச்சு. அதான் இன்னைக்கு இங்க உக்காந்திருக்கேன்."

"அவரைப் பாத்தப்போ..."

"காதைத் தகட்டோட ஒட்டி வெச்சிருந்தாரு."

கீழ்வீட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம். என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கத்தில், மேசையில் ஒருமுறை விரலை வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

டக்... டிக்.

தாடிக்காரர் எழுந்துவிட்டார். தம்ளர் சாய்ந்து டீ மேசையெல்லாம் ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே கதவு வரைக்கும் போனார்.

"ஒண்ணும் இல்லைங்க, மோதிரம்தான்" என்றேன். "உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. படியில் இறங்குவதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொன்னார். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. ஆனாலும் எனக்குக் கேட்டது.

"அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் கடல்தாங்க இருந்துச்சு."